லா சயாவுக்குப் பின்னால் நடக்கக் கூடாது

ரங்கூனில் வசிக்கும் அத்தனை ஜீவராசிகளையும் கோவேறு கழுதைகள், கோவேறு கழுதை ஆக முயன்று தோற்றவை என்று இரண்டே வகையாகப் பிரித்து வைத்திருந்தவர் எங்கள் லா சயா ஒருவர்தான். நான் இரண்டாவது வகை. எங்கள் தாமுவே சந்தில் எல்லோருமே இரண்டாவது வகை. கோயில் தர்மகர்த்தாவை மட்டும் ஒரு தடவை, "பரவாயில்லே, பழக்கினா தேறும்" என்று சொன்னதாகக் கேள்வி. அந்தப் பெருமையில் தர்மகர்த்தா ஒரு வாரம் நிமிர்ந்து நடந்தார்.

பர்மிய மொழியில் 'லா' என்றால் கோவேறு கழுதை, 'சயா' என்றால் வாத்தியார். பட்டாளத்தில் இருந்த காலம் முழுவதும் மலைப்பாதைகளில் அரிசியும் மண்ணெண்ணெயும் சுமந்து போகும் லாக்களை ஓட்டியவர். அவரோடு சேர்ந்தவர்கள் எல்லோரும் ஓய்வு பெற்றதும் பட்டாளத்தை மறந்து காய்கறிக் கடை, டீக்கடை என்று ஒதுங்கிவிட்டார்கள். இவர் மட்டும் வேலையை விட மறுத்துவிட்டார். ஊரில் லாக்கள் கிடைக்காததால் எங்களை வைத்துச் சமாளித்தார். அவருடைய சொந்தப் பெயர் பென்ஷன் ஆபீசுக்கு மட்டும்தான் தெரியும்.

லாவுக்குப் பின்னால் போகக் கூடாது, உதைக்கும். இடது பக்கமாக, குரல் கொடுத்துக்கொண்டே நெருங்க வேண்டும். இது லாக்களுக்கான விதி. இதே விதி தனக்கும் பொருந்தும் என்று சயா எப்போது முடிவு செய்தார் என்பது யாருக்கும் தெரியாது. நான் இந்தச் சந்துக்குக் குடிவந்தபோதே அது அமலில் இருந்தது. தண்ணீர்ப் புட்டி போடுகிற ஆள் ஒருவன், புதியவன், விஷயம் தெரியாமல் அவருக்குப் பின்னால் வந்து சரியான உதை ஒன்று வாங்கினான். உதைத்த கையோடு சயா அவனிடம் கோபித்துக்கொண்டார்.

"நாந்தான் தலப்பாடா அடிச்சுக்கறேனே, பின்னாடி வராதே வராதேன்னு. இப்பப் பாரு, உதை வாங்கிட்டு நிக்கிறே!"

உதைத்தது வேறு யாரோ என்பது போலவும், இவர் நியாயம் கேட்க வந்தவர் போலவும் இருந்தது அந்தப் பேச்சு. அவனும் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனான்.

இந்த விதியால் அதிகம் கஷ்டப்பட்டது அவரேதான். வரிசையில் நின்றால் பின்னால் யாராவது வந்து நிற்பார்கள் அல்லவா? அதனால் எந்த வரிசையிலும் கடைசி ஆளாகத்தான் நிற்பார். புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தால், "நீங்க முன்னாடி போங்க" என்று வழிவிடுவார். பென்ஷன் வாங்கப் போகும் நாளில் ஊரே அவர் தயவில் முன்னால் போகும், அவருடைய முறை வரும்போது ஜன்னலை மூடிவிடுவார்கள். மறுநாளும் அப்படியே. மாதப் பென்ஷன் கைக்கு வந்து சேருவதற்குள் அடுத்த மாதம் எட்டிப் பார்க்கும். கோயில் தீமிதி ஊர்வலத்தில் சாமி முன்னால், கூட்டம் நடுவில், கடைசியில் தனியாக லா சயா. ஊர்வலத்துக்குக் காவலாகப் போகிறார் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

அடுத்தது சுமை. ஒரு பக்கம் அதிகம், ஒரு பக்கம் குறைவு என்று யாராவது தூக்கிக்கொண்டு போனால் அவருக்குத் தாங்காது. சந்தையிலிருந்து ஒற்றைக் கையில் பை தூக்கி வரும் பெண்களை நடுத்தெருவில் நிறுத்தி, பையைக் கொட்டி, உருளைக்கிழங்கை ஒரு கைக்கும் மீனை இன்னொரு கைக்கும் பிரித்துக் கொடுப்பார். நான் இன்வெர்ட்டரும் பேட்டரியும் விற்கிறவன், சயா என்னைக் கூப்பிடுவதே 'பேட்டரி' என்றுதான். கரண்ட் வருவதைவிடப் போவது அதிகமாக இருக்கும் ஊரில் எனக்கு நல்ல வியாபாரம், ஆனால் சயாவின் வாசலைத் தாண்டுவதுதான் பெரும்பாடு. பேட்டரி ஏற்றிய சைக்கா ரிக்ஷாவை மறித்து, ஒரு பக்கம் மட்டும் பாரம் இருக்கிறதே என்று என்னையும் அதில் ஏறி மறுபக்கம் உட்காரச் சொல்வார். நான் ஏறியதும் சைக்காக்காரர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

எங்கள் சந்தில் ஒரு பெண் பார்க்கும் சடங்கு. பெரியவர் என்று சயாவையும் கூப்பிட்டிருந்தார்கள். மாப்பிள்ளை வந்து உட்கார்ந்ததும் சயா அவர் இடது பக்கமாக, "ஓ... ஓ..." என்று குரல் கொடுத்துக்கொண்டே போனார். குனிந்து மாப்பிள்ளையின் காலைத் தூக்கி உள்ளங்காலைத் தட்டிப் பார்த்தார். சபை உறைந்துவிட்டது. இது பெண் வீட்டு வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்த மாப்பிள்ளை பணிவாக இரண்டாவது காலையும் நீட்டினார். அந்தப் பணிவைப் பார்த்தே பெண் சம்மதித்தாள். இன்று இரண்டு குழந்தைகள். சயா மட்டும் கடைசிவரை, "வலது காலு கொஞ்சம் சந்தேகந்தான்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்படி ஊர் கால்களையெல்லாம் சந்தேகப்பட்டவருக்குச் சொந்தக் கால் இரண்டும் ஒரு மழைக்காலத்தில் போய்விட்டன. குளியலறையில் விழுந்தார். எலும்பு சேர்ந்தது, பலம் சேரவில்லை. எழுப்பி உட்கார வைக்க ஆள் வேண்டும், குளிப்பாட்ட ஆள் வேண்டும், ராத்திரி திரும்பிப் படுக்கவும் ஆள் வேண்டும். அந்த ஆள் மா கின்.

மா கின் அவருடைய காலஞ்சென்ற மனைவியின் அக்கா மகள். நாற்பது வயது, தனி ஆள். அம்மா பர்மியப் பெண், அப்பா நம்மவர். தமிழ் முழுக்கப் புரியும், பேசும்போது மட்டும் பாதி வழியில் பர்மிய மொழிக்கு இறங்கிவிடுவாள். தையல் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு வந்து அவரைப் பார்த்துக்கொண்டாள். 'ஊலே' என்று, அதாவது சித்தப்பா முறை வைத்து, கூப்பிடுவாள். எப்போதும் இடது பக்கமாகத்தான் வருவாள், குரல் கொடுத்துக்கொண்டே. ஒரு உதைகூட வாங்காதவள் எங்கள் சந்தில் அவள் ஒருத்திதான்.

சயாவின் பென்ஷனில் அவர் ஒருவர் சாப்பிடலாம். இரண்டு பேர் சாப்பிட முடியாது. தாய்லாந்தில் மீன் தொழிற்சாலையில் இருந்த சிநேகிதி வாராவாரம் போன் செய்து மா கினைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் மா கின் என் கடைக்கு வந்து நின்றாள்.

"அண்ணே, தீபாவளி வரை இருப்பேன். அப்புறம் முடியாது அண்ணே. கடைக்காரங்க எல்லாம் இனிமே கடன் இல்லேன்றாங்க. நான் போய்ட்டா ஊலேயை யாரு தூக்குவா?"

அதற்கு வழி என் கடைக்கு வரும் இன்னொரு பழைய சிப்பாய்க்குத் தெரிந்திருந்தது. பட்டாளத்துப் பென்ஷனோடு துணையாள் படி என்று ஒன்று உண்டாம். தன் காரியத்தைத் தானே செய்துகொள்ள முடியாதவர் என்று டாக்டர் வீட்டுக்கு வந்து பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டால், கூட இருந்து பார்த்துக்கொள்கிற ஆளுக்கென்று மாதாமாதம் தனியாக ஒரு தொகை வரும். அது வந்தால் மா கின் எங்கும் போக வேண்டாம். மனு போட்டேன். டாக்டர் வருவதாகத் தகவலும் வந்தது.

சயா செய்ய வேண்டியதெல்லாம் ஒன்றுதான். முடியவில்லை என்று சொல்ல வேண்டும். அவரால் நிஜமாகவே முடியவில்லை என்பதால் இது சுலபம் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு ஒத்திகை வைத்தேன். நான்தான் டாக்டர்.

"பெரியவரே, எந்திரிச்சு நிக்க முடியுமா? இப்பிடிக் கேப்பாங்க. முடியாதுன்னு சொல்லணும், சயா."

"யார் கேக்கிறது?"

"டாக்டர்."

"என்ன ரேங்கு?"

"டாக்டருக்கு என்ன சயா ரேங்கு?"

"ரேங்கு இல்லாதவன் கேட்டா நான் எதுக்குப் பதில் சொல்லணும்?"

"சரி, கேப்டன்னு வச்சுக்குங்க."

சயா விறைப்பாக எழுந்து நின்றார். மாதக்கணக்காகக் கட்டிலை விட்டு இறங்காதவர் கையை நெற்றியில் வைத்து எனக்குச் சல்யூட் அடித்தார். அடித்த வேகத்தில் அப்படியே சாய்ந்தார். மா கின் ஏற்கெனவே இடது பக்கத்தில் தயாராக நின்றாள். ஒத்திகையை அத்தோடு முடித்துக்கொண்டேன்.

டாக்டர் மிங்கலாடோன் பக்கத்திலிருந்து காரில் வந்தார். இளம்பெண், மரியாதையானவர், பெரியவர்களை 'அபா' என்று கூப்பிடும் பர்மிய வழக்கம் தெரிந்தவர். அன்று காலையிலேயே சயா ரகசியமாக ஏற்பாடு செய்திருந்தார். முகம் மழித்து, முழங்காலில் கடுகெண்ணெய் தேய்த்து, பழைய பட்டாளத் தொப்பியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அபா நடக்க முடிகிறதா என்று டாக்டர் கேட்டு முடிப்பதற்குள் எழுந்தார். வாசல்வரை நடந்தார், திரும்பினார், மீண்டும் வந்தார். கேட்காமலே காலைத் தூக்கி உள்ளங்காலைக் காட்டினார். கேட்காமலே வாயைத் திறந்து பல்லைக் காட்டினார், அதில் பாதி கட்டிய பல். டாக்டருக்குப் பரம சந்தோஷம். இந்த வயதில் இவ்வளவு திடமானவரைப் பார்த்ததே இல்லை என்று சொல்லி, கூட நின்று ஒரு படமும் எடுத்துக்கொண்டார். உதவி தேவையில்லை என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

கார் முனை திரும்பும்வரை சயா நின்றுகொண்டே இருந்தார்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு, ஊலே."

"பிடி."

மா கின் பிடித்தாள். அதற்குப் பிறகு வெகுநாள் அவரால் தலையணையிலிருந்து தலையைக்கூடத் தூக்க முடியவில்லை. அவரைப் படுக்க வைத்துவிட்டு மா கின் அலமாரி மேலிருந்த தன் பையை இறக்கி, தூசி தட்டி, வெயிலில் வைத்தாள்.

எனக்கு வந்த கோபத்தில் இடது பக்கமா வலது பக்கமா என்றுகூடப் பார்க்காமல் நேராக அவர் முகத்துக்கு முன்னால் போய் நின்றேன்.

"ஏன் சயா இப்பிடிப் பண்ணுனீங்க? அந்தப் பொண்ணு போயிடும் சயா. தீபாவளியோட போயிடும். புரியுதா?"

அவர் ராணி கதையை ஆரம்பித்தார். ராணி என்பது அவர் ஓட்டிய லா. இந்தக் கதையை எங்கள் சந்தில் கேட்காதவர் கிடையாது. ஒவ்வொரு தடவையும் மலை உயர்ந்துகொண்டே போகும். ராணிக்கு முன்னங்கால் நொண்டியதையும், மிருக வைத்தியர் சோதிக்க வந்தபோது இவர் அவளை நல்ல கால் தெரியும்படி நடத்திக் காட்டி ஏமாற்றியதையும், பிறகு அவள் சுமையில் பாதியைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு மலை ஏறியதையும் நாங்கள் வாய்ப்பாடு போலச் சொல்லுவோம். ஆனால் எதற்காக ஏமாற்றினார் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு அவரே சொன்னார்.

"சோதனையிலே தோத்த லாவை மலையிலேயே விட்டுட்டு வந்துடுவாங்க, பேட்டரி. கயித்தை அவுத்துவிட்டுட்டு நாங்க இறங்குவோம். அது நின்னு பாத்துக்கிட்டே இருக்கும். முடியாதுன்னு சொன்னா விட்டுட்டுப் போயிடுவாங்க. எனக்குத் தெரியும். நானே அவுத்துவிட்டிருக்கேன்."

என் கோபம் அப்படியே இறங்கிவிட்டது. இறங்கினதற்காக எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரையும் பிடித்து, மறுபடி மனுப் போட்டேன். அதே டாக்டர் இன்னொரு தடவை வந்து பார்க்கச் சம்மதித்தார். சயா மறுபடி கடுகெண்ணெய் கேட்டார்.

டாக்டர் வந்த அன்று கரண்ட் இல்லை. சயா வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி நான் விற்றதுதான், அதுவும் அன்றைக்கு ஓய்வெடுத்துக்கொண்டது. உள்ளே இருட்டாக இருந்ததால் நானும் டாக்டரின் டிரைவரும் சயாவை நாற்காலியோடு தூக்கி வாசலில் வைத்தோம். தொப்பியும் கடுகெண்ணெய் வாசனையுமாக எழுந்து நிற்கத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் குடிதண்ணீர் தீர்ந்திருந்தது. மா கின் கடைக்குப் போயிருந்தாள். பெரிய தண்ணீர்ப் புட்டியை இடுப்பில் தாங்கிக்கொண்டு சந்து முனையில் திரும்பினாள். சயா வாசலில் இருப்பது அவளுக்குத் தெரியாது. அதனால் எப்படி நடப்பாளோ அப்படியே நடந்து வந்தாள். ஒரு காலை இழுத்து, இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து, ஒவ்வொரு வீட்டுச் சுவரையும் தொட்டுத் தொட்டு.

இது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். அவரைத் தூக்கித் தூக்கி அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு மாதக்கணக்காகிறது. சயாவுக்கு மட்டும் தெரியாது. வீட்டுக்குள் அவர் பார்வையில் படும்போது பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடப்பாள். ராணியை நடத்திக் காட்டிய அந்த வித்தையை அவள் அவரிடமிருந்தே கற்றிருந்தாள்.

"நில்லு!"

சந்தே நின்றது. ஒரு சைக்காவும் நின்றது.

"புட்டியை இறக்கு."

இறக்கினாள்.

"நட."

மா கின் நிமிர்ந்து, சிரித்த முகத்தோடு, நேராக நான்கு எட்டு வைத்தாள்.

"அப்பிடி இல்லே. நான் பாக்காதப்போ நடந்தியே, அப்பிடி நட."

அவள் நடக்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சயா என் பக்கம் திரும்பினார்.

"எத்தினி நாளா இப்பிடி?"

"ரெண்டு மூணு மாசமா இருக்கும், சயா."

"என்ன சுமைய்யா ஏத்துனீங்க அவ மேலே?"

அவர் குனிந்து தன்னுடைய கால்களைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் பர்மிய மொழியில் பேசினார். இத்தனை வருஷத்தில் அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

"டாக்டர், போன தடவை நீங்கள் பார்த்தது ஏமாற்று வேலை. சோதனைக்கு வருகிறவர்களை ஏமாற்றுவது எனக்குப் பழக்கம். நான் நடக்கிறவன் இல்லை. நான் சுமை. காலையில் என்னை எழுப்புவது அவள். குளிப்பாட்டுவது அவள். கழுவிவிடுவதும் அவள். ராத்திரியெல்லாம் புரட்டிப் போடுவது அவள். ஒற்றை லா மேல் இவ்வளவு ஏற்றினால் எங்கள் காலத்தில் ஓட்டியவனுக்குத் தண்டனை கொடுப்பார்கள்."

டாக்டர் சிரிக்கவில்லை. அவருடைய வேலையில் கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது, கேட்டார்.

"அபா, எழுந்து நிற்க முடியுமா?"

சயாவின் முழங்கால்கள் இரண்டும் துடித்தன. கைகள் நாற்காலியின் பிடியை அழுத்தின. பழைய பழக்கம் அப்படியே தூக்கிவிடும் என்றுதான் நான் பயந்தேன்.

"முடியாது," என்றார்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவருக்கு எப்படி வலித்தது என்பது பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும். டாக்டர் எழுதத் தொடங்கினார். சயா மா கினைக் கூப்பிட்டார். அவள் வந்தாள், இடது பக்கமாக.

"தோத்தாச்சு. இனிமே நீ தாய்லாந்துக்குப் போறதுன்னா போ. படுத்த லாவுக்காக யாரும் நிக்கக் கூடாது."

"ஊலே, வாயை மூடுங்க," என்றாள் மா கின். "தண்ணி வேணுமா, லபெயே போடட்டுமா?"

சயா யோசித்து, டீயே போடச் சொன்னார். தண்ணீர்ப் புட்டியை நான் தூக்கிக்கொண்டு போனேன். "ஒரு பக்கமா தூக்குறான் பாரு, கழுதை" என்று டாக்டரிடம் என்னைப் பற்றிப் புகார் சொன்னது பின்னால் கேட்டது.

துணையாள் படி வந்தது. தீபாவளிக்கு முன்பே வந்தது. மா கின் பையை மறுபடி அலமாரி மேல் ஏற்றினாள். தூக்கி இறக்குவதற்கு மட்டும் காலையும் மாலையும் ஒரு ஆளை அமர்த்தினோம். குயவர் ஊரான த்வாண்டேயில் பானை சுமந்து பழகியவர், ஒரு பானையும் உடைக்காதவர் என்று நானே விசாரித்துக் கொண்டு வந்தேன். சயா அவருடைய உள்ளங்காலைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். வலது பக்கம் அவர், இடது பக்கம் மா கின். நடுவில் சயா, சுமையாக இருந்துகொண்டே, இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று கண்காணித்துக்கொண்டிருந்தார். மா கினின் இடுப்பும் மெல்லத் தேறியது. "இப்ப நட" என்று தினமும் நடக்கவிட்டுப் பார்ப்பார். அவருக்குத் திருப்தி வரும்வரை அவளும் நடந்து காட்டுவாள்.

போன மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை தூக்கத்திலேயே போய்விட்டார். மா கின் பக்கத்தில்தான் இருந்தாள்.

எங்கள் சந்துக்குள் பெரிய வண்டி வராது. மெயின் ரோடுவரை தோளில்தான் கொண்டுபோக வேண்டும். நாலு பேர் தூக்கினோம். எனக்குப் பாடையின் பின்பக்கம் இடது கால் கிடைத்தது. பெண்கள் வாசலோடு நின்றுகொள்வது நம் வழக்கம். மா கின் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இடது பக்கமாகக் கூடவே நடந்து வந்தவள் பாதிச் சந்தில் கையைத் தூக்கினாள்.

"நில்லுங்க. பின்னாடி வலது பக்கம் தாழுது."

நின்றோம். தர்மகர்த்தா குட்டையானவர், அவரை மாற்றி உயரமான ஒருவரைப் போட்டோம். மா கின் முன்னால் போய் நின்று பார்த்தாள், பக்கவாட்டில் நின்று பார்த்தாள். "சரி, இப்ப போகலாம்" என்றாள்.

எந்த வரிசையிலும் கடைசியில் நின்றவர் அன்றைக்குத்தான் முதலில் போனார். சந்து முழுவதும் அவருக்குப் பின்னால் நடந்தது. உள்ளங்காலைக் காட்டிய மாப்பிள்ளை, தண்ணீர்ப் புட்டிக்காரன், பானை சுமந்தவர், தர்மகர்த்தா, எல்லோரும் நேர் பின்னால்.

யாரையும் அவர் உதைக்கவில்லை. ஒரு உதை விட்டிருக்கலாம்.